கிளைமாக்ஸில் குணமாகும் நோய்

போன வருடம் மே மாதத்தில் ஒரு நாள் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு பிடிஎஃப் வந்து விழுந்தது. அனுப்பியது அண்ணன், பெரியப்பா மகன். கூடவே ஒரு வாய்ஸ் நோட். "டேய், நீதான் இஞ்சினியரிங் படிச்சவன். இதப் படிச்சுப் பாத்துட்டு சொல்லு, உண்மையா டூப்பான்னு." கோடு எழுதுகிறவனுக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேரில் தொடங்கி மூளை வரைக்கும் எல்லாம் தெரியும் என்று நம் குடும்பங்கள் நம்புகின்றன. அதை மறுத்துப் பயனில்லை. திறந்து பார்த்தேன்.

பதினான்கு பக்கங்கள். ஒரு ஸ்டெம் செல் சிகிச்சை மையத்தின் விளம்பரக் கையேடு. மையத்தின் பெயர் வேண்டாம், இதே அச்சில் பல இருக்கின்றன. அட்டையில் பக்கவாட்டில் ஒரு தலை, தலைக்குள் ஒரு மரம், மரத்திலிருந்து இலைகள் உதிர்ந்து காற்றில் பறக்கின்றன. கடைசிப் பக்கத்தில் அதே தலை, அதே மரம், ஆனால் இலைகள் திரும்பி வந்துவிட்டன. நடுவில் அழகான நீல நிறத்தில் செல்கள். ஒரு மகள் பேசுகிறாள், ஒரு மருமகன் பேசுகிறார், ஒரு மருத்துவர் கோட்டு போட்டுக்கொண்டு கையைக் கட்டி நிற்கிறார். நான்கு தவணை ஊசி, ஏழு லட்சம், தங்கும் வசதி தனி. பதினான்கு பக்கத்திலும் ஒரே ஒரு ஆள்தான் வாயே திறக்கவில்லை. நோயாளி.

அண்ணன் என்னிடம் கேட்டது அறிவியல் கேள்வி. நான் முதலில் அதைக் கதையாகத்தான் படித்தேன், எனக்குக் கொஞ்சமாவது தெரிந்த வேலை அதுதான். படித்து முடித்ததும் தோன்றியது இது: இந்தக் கதை எனக்கு ஏற்கெனவே தெரியும். இதை நான் சின்ன வயதிலிருந்து தியேட்டரிலும் டிவியிலும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

*

தமிழ் சினிமாவில் மறதி என்றால் முதலில் நினைவுக்கு வருவது 'மூன்றாம் பிறை'. 1982, பாலு மகேந்திரா. விபத்தில் அடிபட்ட விஜி தன் வயதை விட்டுவிட்டுக் குழந்தையாகிறாள். சீனு என்கிற பள்ளி ஆசிரியர் அவளை ஊட்டிப் பக்கம் கேத்திக்குக் கூட்டிப்போய்க் கவனித்துக்கொள்கிறார். ஒரு வைத்தியர் குணமாக்குகிறார். குணமானதும் அவளுக்குப் பழைய வாழ்க்கை திரும்பி வருகிறது, சீனு மறந்துபோகிறது. ரயில் நிலையத்தில் சீனு என்ன செய்கிறார் என்பதைத் தமிழ் தெரிந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் படத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. நினைவு என்பது ஒருத்தர் தலைக்குள் மட்டும் இருக்கிற சமாசாரமில்லை, இரண்டு பேருக்கு நடுவில் இருப்பது, ஒருவர் கையை எடுத்துவிட்டால் மற்றவர் விழுந்துவிடுவார் என்பதை அவ்வளவு துல்லியமாகச் சொன்ன படம் நம்மிடம் வேறு இல்லை. கவனித்துக்கொள்கிறவனின் துயரத்தை மையத்தில் வைத்த படமும் அதுதான். ஆனால் அந்தப் படம் ஓர் இலக்கணத்தையும் கொடுத்துவிட்டுப் போனது. மறதி சுவிட்சை அணைத்தது போல ஒரே நொடியில் வரும். மறந்தவர் குழந்தையாகிவிடுவார், அதுவும் நாய்க்குட்டியோடு விளையாடுகிற அழகான குழந்தையாக. ராத்திரி மூன்று மணிக்கு வாசல் கதவை உலுக்க மாட்டார். பர்ஸைத் திருடிவிட்டாய் என்று மருமகளைத் திட்ட மாட்டார். வேட்டியை நனைத்துக்கொண்டு அதை மறைக்க முயலவும் மாட்டார். பிறகு ஒரு நாள் வைத்தியர் வருவார், சுவிட்ச் மறுபடி எரியும். வைத்தியர் என்ன செய்தார் என்பதைப் படம் விளக்குவதில்லை. விளக்க வேண்டிய அவசியம் கதைக்கு இல்லை.

அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் இந்த இலக்கணத்துக்குள்தான். 'கஜினி' (2005) மறதியைப் பழிவாங்கும் கதைக்கான இஞ்சினாக மாற்றியது. சஞ்சய் ராமசாமி பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை மறந்தாலும் முறுக்கேறிய உடம்போடு மறந்தார். 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' (2012) இதில் ஒரு விசித்திரமான விதிவிலக்கு. நிஜத்தில் நடந்ததை வைத்து எடுக்கப்பட்ட படம். கிரிக்கெட் விளையாடும்போது கீழே விழுந்த பிரேமுக்கு ஒரு வருடம் காணாமல் போகிறது. இரண்டு நாளில் கல்யாணம், பெண் யாரென்றே தெரியவில்லை. அவன் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்வதும், நண்பர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதில் சொல்வதும் தியேட்டரைக் குலுக்கின. நானும் சிரித்தவன்தான். பெரியப்பா வீட்டில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தபோது அவர் "தண்ணி லாரி வந்துச்சா?" என்று பதினோராவது முறையாகக் கேட்டார். பெரியம்மா பதினோராவது முறையாக, குரல் மாறாமல், "வந்துட்டுப் போயிடுச்சுங்க" என்றார். அப்போதுதான் அந்தப் படம் நோயை எவ்வளவு சரியாகப் பிடித்திருந்தது என்று புரிந்தது. நோயாளியின் மறதியைவிட, கேட்டுக்கொண்டிருப்பவர்களின் களைப்பை அது காட்டியது. ஆனால் அங்கேயும் கல்யாணம் முடிந்ததும் நினைவு வந்துவிடும். வராமல் போயிருந்தால் அது காமெடி இல்லை.

இது சினிமாவின் கண்டுபிடிப்பும் இல்லை. காளிதாசனின் துஷ்யந்தன் சாபத்தால் மறக்கிறான், மீன் வயிற்றிலிருந்து மோதிரம் வந்ததும் நினைவு கூடுகிறது. நினைவு ஒரு பொருளில் இருக்கிறது, பொருள் கிடைத்தால் நினைவு கிடைக்கும். பிடிஎஃப் சொல்வதும் இதைத்தான், என்ன, மோதிரத்துக்குப் பதில் ஊசி.

*

திரும்பி வராத மறதியை எடுக்கத் துணிந்தவர்கள் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள். 'கஜினி' வந்த அதே 2005இல்தான் மலையாளத்தில் பிளெஸ்ஸியின் 'தன்மாத்ர'வும் வந்தது. பத்மராஜனின் சிறுகதையிலிருந்து எழுந்த படம். தலைமைச் செயலகத்தில் வேலை பார்க்கும் ரமேசன் நாயர், நேர்மையான குமாஸ்தா, மகனை ஐஏஎஸ் ஆக்க வேண்டும் என்கிற கனவு. ஒரு நாள் காய்கறிப் பையோடு அலுவலகத்துக்கு வந்து, அதை வீடென்று நினைத்து நடந்துகொள்ளத் தொடங்குகிறார். மோகன்லால் அந்த இடத்தில் எதையும் நடிப்பது போலத் தெரியாது. சக ஊழியர்கள் முதலில் சிரிக்கலாமா என்று யோசிக்கும் அந்த இரண்டு நொடிதான் பயங்கரம். படத்தில் வைத்தியர் கிடையாது. அதாவது மருத்துவர் இருக்கிறார், திருப்பித் தருகிற வைத்தியர் இல்லை.

நமக்குக் கிடைத்தது 2018இல் ராதாமோகனின் '60 வயது மாநிறம்'. ஹேமந்த் ராவ் 2016இல் கன்னடத்தில் எடுத்த 'கோதி பண்ண சாதாரண மைகட்டு' படத்தின் தழுவல். இரண்டு மொழியிலும் எனக்கு மிகவும் பிடித்தது தலைப்பு. காணாமல் போனவரைத் தேடும் நோட்டீஸில் எழுதுகிற அடையாளம் அது. ஒரு மனிதர் தன் வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்தது போய், நோட்டீஸில் ஒட்ட வயதும் நிறமும் மட்டும் மிஞ்சுகிறது. அனந்த் நாகும் பிரகாஷ் ராஜும் அவரவர் மொழியில் நன்றாகவே செய்தார்கள்.

ஆனால் படம் அந்தத் தலைப்பின் தைரியத்தைக் கடைசிவரை காப்பாற்றவில்லை. அப்பா காணாமல் போன கையோடு கதைக்குள் ஒரு கொலைக் கும்பல் நுழைகிறது. இரண்டாம் பாதி முழுக்க நாம் பார்ப்பது மகன் திருந்துவதை. அப்பாவின் நோய், மும்பையில் வேலை பார்க்கும் மகனுக்குப் பாடம் கற்பிக்க வந்த வாத்தியார் போல ஆகிவிடுகிறது. அப்பாவுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று கேமரா ஒரு முறையாவது எட்டிப் பார்த்திருக்கலாம். 2020இல் வந்த ஃப்ளோரியன் ஸெல்லரின் 'தி ஃபாதர்' செய்தது அதைத்தான். வீட்டின் நாற்காலிகள் இடம் மாறுகின்றன, மகளாக வேறொரு நடிகை வந்து நிற்கிறார், எது காலை எது மாலை என்று நமக்கே குழம்புகிறது. பெரியவருக்குப் பைத்தியம் என்று நாம் நினைப்பதில்லை. வீட்டுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று நினைக்கிறோம். ஆண்டனி ஹாப்கின்ஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது தெரிந்த கதை.

"கொழந்த மாதிரி ஆயிட்டாரு." பெரியப்பாவைப் பார்க்க வருகிற எல்லோரும் இதைச் சொல்லாமல் போவதில்லை. அன்பாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு இந்த வாக்கியத்தோடு சண்டை உண்டு. குழந்தை தினமும் ஒன்றைக் கூட்டிக்கொள்கிறது, இவர் தினமும் ஒன்றை விடுகிறார். குழந்தைக்குத் தான் எதை இழக்கிறோம் என்று தெரியாது. பெரியப்பாவுக்குப் பல நேரம் தெரிகிறது. சாதம் ஊட்டப் போனால் கையைத் தட்டிவிடுகிற அந்தக் கோபம் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் நின்ற ஒரு மனிதரின் கோபம். அதைக் குழந்தையின் அடம் என்று மொழிபெயர்ப்பது நமக்கு வசதி. ஈழத்தில் 'அறளை பெயர்ந்துபோச்சு' என்பார்கள். கொஞ்சம் கொடூரமான பிரயோகம்தான், ஆனால் அதில் ஒரு வயதானவர் வயதானவராகவே இருக்கிறார்.

*

இனி அண்ணன் கேட்ட கேள்வி.

1906 நவம்பரில் டூபிங்கனில் நடந்த மருத்துவர்கள் கூட்டம் ஒன்றில் அலாய்ஸ் அல்சைமர், ஆகஸ்டே டீட்டர் என்கிற பெண்ணின் மூளையைப் பற்றிப் பேசினார். 1901இல் பிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் அவர் முதலில் சந்தித்தபோது ஆகஸ்டேவுக்கு வயது ஐம்பத்தொன்று. இறந்த பிறகு மூளையை வெட்டிச் சாயமேற்றிப் பார்த்ததில் செல்களுக்கு வெளியே படிந்த திட்டுகளும், உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகளும் தெரிந்தன. திட்டு அமிலாய்டு, இழை டௌ என்று இன்று பெயர் சொல்கிறோம். எது காரணம், எது விளைவு என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை.

பிடிஎஃப் சொல்வது எளிமையானது: மூளையில் செல்கள் சாகின்றன, ஸ்டெம் செல் எந்த செல்லாகவும் மாறும், எனவே ஊசி போட்டால் புதிய மூளை செல்கள் முளைக்கும். மூன்றில் முதல் வரி சரி. இரண்டாவது வரி எந்த ஸ்டெம் செல் என்பதைப் பொறுத்தது. எலும்பு மஜ்ஜையிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுக்கிற மீசன்கைமல் செல்கள் எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு என்று மாறக்கூடியவை. அவற்றைக் கை நரம்பில் ஏற்றினால் பெரும்பகுதி முதலில் நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிக்கொள்கிறது. தலைக்குள் போய் நியூரானாக உட்காருவதில்லை. அவை சுரக்கிற பொருட்கள் மூளையின் அழற்சியைக் குறைக்கக்கூடும் என்பதுதான் நேர்மையான ஆய்வாளர்கள் வைத்திருக்கிற எதிர்பார்ப்பு. மரத்தில் இலை முளைப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஊசியை நேராக மூளைக்குள்ளேயே இறக்கிப் பார்த்தவர்களும் உண்டு. தென்கொரியாவில் ஒன்பது நோயாளிகளுக்கு, தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்த செல்களை ஹிப்போகாம்பஸில் வைத்தார்கள். 2015இல் முடிவு வெளியானது. பெரிய ஆபத்து நேரவில்லை, நினைவின் சரிவும் குறையவில்லை. 2025இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த அமெரிக்க ஆய்வில் ஆரம்பநிலை அல்சைமர் உள்ள சுமார் ஐம்பது பேர். பாதுகாப்பானதாகத் தெரிகிறது, சில அளவீடுகளில் நம்பிக்கை தெரிகிறது, பெரிய ஆய்வு தேவை. இவ்வளவுதான் இன்றைய நிலவரம். அதே 2025 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் பார்க்கின்சன் நோய்க்கான இரண்டு சிறிய ஆய்வுகள் வந்தன. ஒன்று கியோட்டோவிலிருந்து, ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த டோபமின் செல்களை மூளையில் நட்டு. அங்கே செல்கள் பிழைத்திருந்தன, டோபமினும் சுரந்தன. பார்க்கின்சனில் வருகிற கை நடுக்கத்துக்கும் நடைத் தடுமாற்றத்துக்கும் முக்கியக் காரணம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு குறிப்பிட்ட வகைச் செல் போவது. ஊரில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தால் புதிதாக ஒன்று வைக்கலாம். அல்சைமரில் ஊர் முழுக்க வயர் அறுந்துபோகிறது.

இங்கேதான் என் தொழில் எனக்கு உதவவும் செய்தது, காலை வாரவும் செய்தது. அண்ணனிடம் நான் முதலில் சொன்ன உதாரணம் ஹார்ட் டிஸ்க். "பழைய டிஸ்க் போச்சு, புது டிஸ்க் மாட்டலாம், ஆனா அதுல உன் கல்யாண ஃபோட்டோ இருக்காதுடா." செல் புதிதாக வந்தாலும், எழுபது வருடம் சேர்த்த இணைப்புகள் எங்கிருந்து வரும்? சொல்லும்போது சரியாகத்தான் இருந்தது. ஆனால் டிஸ்க்கில் ஃபோட்டோ ஓர் இடத்தில் இருக்கிறது, இருக்கும் அல்லது இருக்காது. பெரியப்பாவுக்கு என் பெயர் போய்விட்டது, ஆனால் நான் உள்ளே வந்தால் "சாப்ட்டியா?" என்று கேட்கிறார். புதியவர் வந்தால் கேட்பதில்லை. இது எந்த ஃபைலில் இருக்கிறது? என்னிடம் இதற்கு உதாரணம் இல்லை.

ஸ்டெம் செல்லே மோசடி என்று முடித்துவிடவும் முடியாது. ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல்தான் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையின் உயிர். வேலூர் சிஎம்சியில் 1986இலிருந்து அதைச் செய்கிறார்கள், ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது பிள்ளையைத் திருப்பித் தந்திருக்கிறது. பிடிஎஃப் இந்த நம்பிக்கையைத்தான் கடன் வாங்குகிறது. ஐசிஎம்ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளில் விஷயம் தெளிவாகவே இருக்கிறது: அங்கீகரிக்கப்பட்ட ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்று தவிர மற்ற எந்த ஸ்டெம் செல் பயன்பாடும் ஆய்வு மட்டுமே, பதிவு செய்த மருத்துவ ஆய்வாகத்தான் நடக்க வேண்டும், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. ஏழு லட்சம் கேட்கிறார்கள் என்றால் அது ஆய்வு இல்லை, நிரூபிக்கப்பட்ட சிகிச்சையும் இல்லை. "சும்மா ஒரு ஊசிதானே, கெடுதல் என்ன?" என்பவர்களுக்கு: ஃப்ளோரிடாவில் மூன்று பெண்கள் விழித்திரை நோய்க்கு, தங்கள் கொழுப்பிலிருந்து எடுத்த 'ஸ்டெம் செல்' என்று ஊசி போட்டுக்கொண்டார்கள். கொஞ்சம் இருந்த பார்வையும் போனது. 2017இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது.

எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடுகிற பெங்களூரில் ஸ்டெம் செல்லை முற்றிலும் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். நிம்ஹான்ஸ், என்சிபிஎஸ், இன்ஸ்டெம் மூன்றும் சேர்ந்து நடத்தும் திட்டம். மனநோயோ மறதி நோயோ பரம்பரையாக வருகிற குடும்பங்களிடமிருந்து ரத்தம் வாங்கி, அந்த செல்களை ஸ்டெம் செல்லாகப் பின்னோக்கித் திருப்புகிறார்கள். 2006இல் யமனாகா காட்டிய வழி, 2012இல் அவருக்கு நோபல் வாங்கித் தந்தது. அதிலிருந்து கண்ணாடித் தட்டில் நியூரான்கள் வளர்த்து, நோய் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கிறார்கள். ஊசி இல்லை, குணமில்லை, பேக்கேஜ் இல்லை. இந்தியர்களின் மூளை செல்களை இந்தியர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள், அவ்வளவே. கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்தில் ஐஐஎஸ்சியின் மூளை ஆய்வு மையம் கிராமத்து மனிதர்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து, நல்ல மூளை எப்படி வயதாகிறது என்று பதிவு செய்கிறது. எனக்கு இவை இரண்டும் பிடித்த கதைகள். ஆனால் கதாநாயகன் இல்லாத, கிளைமாக்ஸ் இல்லாத கதைகள். வாட்ஸப்பில் ஃபார்வர்டு ஆகாது.

அறிவியலுக்கும் கிளைமாக்ஸ் ஆசை இல்லாமல் இல்லை. குறிப்பிட்ட ஒரு அமிலாய்டு புரதம்தான் மறதிக்குக் காரணம் என்று 2006இல் 'நேச்சர்' வெளியிட்ட, எக்கச்சக்கமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரையில் படங்கள் திருத்தப்பட்டிருந்தன என்று கேள்வி எழுந்தது. 2024இல் திரும்பப் பெற்றார்கள். 2023இல் அமெரிக்காவில் முழு அங்கீகாரம் பெற்ற லெகனமாப் மருந்து சரிவை 27 சதவீதம் மெதுவாக்குகிறது என்று செய்திகள் கொண்டாடின. ஒன்றரை வருடம் ஊசி போட்ட பிறகு, பதினெட்டுப் புள்ளி அளவுகோலில் வித்தியாசம் 0.45. ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது சரிவை மெதுவாக்குவது, போனதைத் திருப்பித் தருவதில்லை.

இதையெல்லாம் அண்ணனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஃபோனில் சொன்னேன். கேட்டுவிட்டு அவன் சொன்னது: "அப்ப ஒண்ணுமே பண்ண முடியாதுன்றியா? ஏழு லட்சம் எனக்குப் பெருசில்லடா. நாளைக்கு அப்பா போய்ட்டா, போட்டிருக்கலாமேன்னு எனக்குத் தோணக் கூடாது." ஒரு விமர்சகனிடம் இதற்கு என்ன பதில் இருக்கிறது? கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

*

பெரியப்பாவுக்கு வத்தல்மலைக்குப் போக வேண்டும். வேறு எதைக் கேட்டாலும் மறக்கிறவர், இதை மட்டும் வாரம் ஒரு தடவையாவது கேட்பார். "ஸ்கூல் தொறக்கணும், நேரமாச்சு." எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் அங்கே ஆசிரியராக இருந்தவர். தருமபுரியிலிருந்து இருபது இருபத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் அப்போது அடிவாரத்தோடு சரி, மேலே நடைதான். ரோடு வந்தது பத்துப் பதினைந்து வருடங்களுக்குள். முடியாதவர்களைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய காலம் அங்கே யாருக்கும் பழைய கதை இல்லை.

ஆகஸ்டில் கார் எடுத்துக்கொண்டு போனோம். இருபதுக்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள். பெரியப்பா முகம் இறுகியே இருந்தது. "இது வழி இல்ல, தப்பா போற" என்று அண்ணனைத் திட்டிக்கொண்டே வந்தார். பெரியம்மா என் காதில், "பாத்தியா, அவ்ளோ வருசம் நடந்த எடம், அதுவும் போச்சு" என்றார். மேலே ஏறி, காபிச் செடிகளும் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடிகளும் வரத் தொடங்கிய இடத்தில், திடீரென்று நிறுத்தச் சொன்னார். இறங்கி, ரோட்டோரத்தில் புதருக்குள் இறங்குகிற ஒரு ஒற்றையடித் தடத்தைக் காட்டினார். "இதான் வழி." அவர் சொன்னது சரி. அவர் நடந்த காலத்தில் நாங்கள் வந்த ரோடே இல்லை. இரண்டு மணி நேரமாக நாங்கள் அவர் மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தது, அவருக்கு நினைவிருந்ததைத்தான்.

மறதியைச் சோதிக்கிற கேள்வித்தாள்களை நினைத்துக்கொண்டேன். என்ன தேதி, எந்த மாவட்டம், ஒரு வாக்கியம் எழுதுங்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். பள்ளிக்கூடமே பார்க்காதவர்களிடம் இதைக் கேட்டால் எல்லோருமே நோயாளிகள்தான். தொண்ணூறுகளில் ஹரியானாவின் பல்லப்கரில் ஆய்வு செய்தவர்கள் இதைப் புரிந்துகொண்டு, எழுத்து தெரியாதவர்களுக்காக இந்தியில் ஒரு சோதனையையே மாற்றி எழுதினார்கள். இந்தியாவில் அறுபது தாண்டியவர்களில் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் என்று 2023இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. அந்தக் கணக்குக்குப் பின்னால் இப்படி எத்தனையோ கேள்விகளைத் திருத்தி எழுதிய உழைப்பு இருக்கிறது.

மேலே ஊருக்குள் ஒருவர் ஓடி வந்தார். ஐம்பது வயது தாண்டியிருக்கும். "வாத்தியாருங்களா!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பெரியப்பா அவரை ஒரு அந்நியரைப் பார்ப்பது போலப் பார்த்தார். அண்ணன் அவசரமாக நோயைப் பற்றி விளக்கத் தொடங்க, அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. திண்ணையில் உட்கார வைத்து, காபி கொடுத்து, எந்த வருடம் எந்த மழையில் வாத்தியார் எப்படி வழுக்கி விழுந்தார் என்று அவரே அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியப்பா யாரோ ஒருவர் கதையைக் கேட்பது போலச் சிரித்தார்.

உள்ளே அவருடைய அம்மா, எண்பதுக்கு மேல். மகனைச் செத்துப்போன தன் தம்பியின் பேர் சொல்லிக் கூப்பிட்டார். மகன் "ம்" என்று அந்தப் பேருக்கே குரல் கொடுத்தார். இது எப்போதிலிருந்து என்று கேட்டேன். "வயசாச்சுல்லங்க" என்றார். அவ்வளவுதான். நகரத்தில் மறதி வியாபாரமாகிறது, மலையில் அதை இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று இங்கே கட்டுரையை முடித்தால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த அம்மா போன குளிர்காலத்தில் ராத்திரி எழுந்து வெளியே போய் விழுந்து இடுப்பு உடைந்து, அதிலிருந்து படுக்கைதான். கீழே தருமபுரிக்குக் கொண்டுபோய்த் திரும்பியதைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுதவில்லை. பிரஷர், சுகர் மாத்திரை இப்போது வீட்டுக்கே வருகிறது, மக்களைத் தேடி மருத்துவத்தில். மறதிக்குத் தேடி வருகிறவர் யாரும் இல்லை.

அரை மணி நேரம்தான். பிறகு பெரியப்பாவுக்குப் பதற்றம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போக வேண்டும், பர்ஸைக் காணோம், இவன்தான் எடுத்தான் என்று காபி கொடுத்தவரைக் காட்டினார். நாங்கள் கூனிக் குறுகிப்போனோம். அவர் தன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டி, "என்கிட்ட பத்திரமா இருக்குதுங்க சார், அப்புறம் தரேன்" என்றார். பெரியப்பா அமைதியானார். வீட்டில் நாங்கள் ஒவ்வொரு முறையும் பர்ஸைத் தேடி எடுத்துக் காட்டி, நிரூபித்து, சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

ஏழு லட்சத்தை அண்ணன் ஊசிக்குக் கொடுக்கவில்லை. என் வாதம் ஜெயித்தது என்று சொல்ல மாட்டேன். அந்த மையத்திடம் ஆய்வுப் பதிவு எண் கேட்டிருக்கிறான், அனுப்புவதாகச் சொன்னவர்கள் அனுப்பவில்லை. பணத்தில் ஒரு பகுதி காது மெஷினுக்குப் போனது. அது மாட்டிய பிறகு தண்ணி லாரிக் கேள்வி குறைந்திருக்கிறது, பதில் காதில் விழாததும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ராத்திரிக்கு ஓர் ஆள் வைத்திருக்கிறார்கள். பெரியம்மா இரண்டு வருடத்தில் முதல் முறையாகத் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கினேன் என்று ஃபோன் செய்து சொன்னார்.

நேற்று அண்ணனிடமிருந்து இன்னொரு பிடிஎஃப் வந்திருக்கிறது. எக்ஸோசோம் தெரபியாம். பதினோரு பக்கம். அட்டையில் அதே மரம். வாய்ஸ் நோட்டும் இருக்கிறது, இன்னும் கேட்கவில்லை.